ஹிஸ்டமின் சொற்பொழிவும் ஒரே ஒரு மருந்துக் குப்பியும்

1

இந்தக் கதை ஓர் அழைப்பிதழிலிருந்து பிறந்தது. ஆண்டு 1934. பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் ‘உடம்புக்குள் ஒளிந்திருக்கும் ஹிஸ்டமின்’ பற்றிச் சொற்பொழிவு. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, மாலையணிவிப்பு என ஒன்பது பெருமக்களின் பெயர்கள் கொட்டை எழுத்தில். ஹிஸ்டமின் அடியில், பொடி எழுத்தில்.

[அழைப்பிதழும் என் கற்பனைதான். முதல் பத்தியிலேயே சந்தேகப்படாதீர்கள்.]

2

“பூச்சோங் ரப்பர்க் காட்டின் மேல் பொன்னொளி பரவிய...”

வேண்டாம். பொன்னொளியால் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை.

பேச்சாளர் கார்த்திகேசு, பூச்சோங் தோட்ட ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் மாதம் இருமுறை வருவார். மற்ற நாட்களில் கட்டுப்போடுவது முதல் பட்டம் சூட்டிக்கொள்வது வரை எல்லாம் இவரே.

மற்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறி ஊர் சுற்றும், ஹிஸ்டமின் உள்ளூர்க்காரன் என்பார். கிளம்பிய இடத்திலேயே வீங்கவைத்து, அரிக்கவைத்து, அங்கேயே அழிந்துவிடும். உடம்பெங்கும் ஒரே சமயத்தில் கிளம்பினால்தான் ஆபத்து: தொண்டை அடைக்கும், ரத்த அழுத்தம் விழும். அப்போது அட்ரினலின் ஊசிதான் கதி.

(இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவரைக் கேலி செய்ய உட்கார்ந்த எனக்கு அது எவ்வளவு எரிச்சல்!)

கடைசியாக, தோட்டத்தில் இருந்த ஒரே அட்ரினலின் குப்பியை ஜன்னல் வெயிலில் உயர்த்திப் பிடித்து, “இதை இருட்டில் வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்” என்பார். கைதட்டல். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், ரவாங் என மூன்று ஞாயிறுகள். ஒத்திகையோ தோட்டத்துப் பெரட்டில், பெயர் கூப்பிட வரிசையில் நின்ற தொழிலாளிகள் முன்னால். அவர்கள் கைதட்டவில்லை, கவனித்தார்கள்.

3

இராஜம்மா வருகிறாள். [அவளுடைய குழந்தைப் பருவத்தை இரண்டு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். குளவிகள் காத்திருக்கவில்லை.]

ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவளைக் கழுத்தில் ஏழெட்டுக் குளவிகள் கொட்டின. கணவன் கன்னையா சுண்ணாம்பு தடவினான். முகம் வீங்கி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

“ஐயா, பெரட்டுல சொன்னீங்களே, அதுதாங்க இது. அந்த ஊசியப் போடுங்க.”

நோயைக் கண்டுபிடித்தவன் அவன். டிரெஸ்ஸர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். தண்ணீர்போல் இருக்க வேண்டிய மருந்து வரக்காப்பி நிறத்தில் இருந்தது.

4

முடிவு ஒன்று: ஊசி வேலை செய்கிறது. அந்த ஒன்பது பேரும் மாலையோடு வந்துவிடுவார்கள். கூடாது.

முடிவு இரண்டு: இராஜம்மா இறக்கிறாள். ‘நாட்பட்ட இழுப்பு’ என்று டிரெஸ்ஸர் அறிக்கை எழுதுகிறார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போடுகிறார். எழுத மிகச் சுலபமாக வருகிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது.

முடிவு மூன்று: லோரிக்கு ஆள் போயிருக்கிறது. கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். அதுவரை அவள்...

5

டிரெஸ்ஸருக்கு நான் வேறொரு வசனம் வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“இது பழுதாப் போச்சு, கன்னையா. நான்தான் வெயிலில காட்டிக் காட்டிப் பழுதாக்கினனான். போட்டால் கேக்குமோ, கெடுதல் செய்யுமோ, எனக்குத் தெரியாது.”

‘தெரியாது’ என்று அவர் சொல்லி அந்தத் தோட்டம் கேட்டதில்லை.

கன்னையா மனைவியின் உதட்டைப் பார்த்தான். நீலம் ஏறியிருந்தது. “உங்களுக்கே தெரியாதுன்னா நான் யாரக் கேக்குறதுங்க?”

அவர் குப்பியின் கழுத்தை உடைத்து ஊசியில் மருந்தை ஏற்றினார். அதற்குமேல் கை நகரவில்லை. இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.

போடலாமா, வேண்டாமா? யோசிக்க எவ்வளவு நேரம் இருக்கிறதென்று இராஜம்மாவின் மூச்சைக் கேட்டுக்கொள்ளுங்கள்.