ஊட்டா ஆச்சா

ஐஸ் பெட்டி வாசலில் மாட்டிக்கொண்டது. வெளியே இரண்டு பேர் தள்ள, உள்ளே பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் இழுத்துக்கொண்டிருந்தார். சுனிதா ஒரு கையால் பெட்டியின் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு கையால் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பன் செத்துக் கிடக்கிறான், மகளுக்குப் போன் கேட்குது என்று யாராவது நினைத்திருப்பார்கள். விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் தூங்கியிருந்தாள்.

பதினோரு மணிக்கு அப்பா பேச இருந்தார். அதைத்தான் நிறுத்தப் பார்த்தாள்.

பொம்மனஹள்ளியில் உள்ள சின்னத் தமிழ் வானொலி ஒன்றில் சுனிதா காலை நிகழ்ச்சி நடத்துகிறாள். மைக்கில் மட்டும் பேசினால் யாரும் கேட்பதில்லை, பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆளைப் பிடி என்று மேனேஜர் சஞ்சய் சொல்லிவிட்டார். அவளும் வினாடி வினா போட்டாள், டிபன் பாக்ஸ் படம் அனுப்பச் சொன்னாள். அவளுடைய சித்தி பெண் மட்டும் தவறாமல் லைக் போட்டாள். ஒருநாள் வீட்டில் வீடியோ எடுக்கும்போது அப்பா அய்யாவு குறுக்கே தலையை நீட்டி, "என்னா, ஊட்டா ஆச்சா? பொய் சொல்லாத" என்றார். சாப்பிட்டாயா என்பதை ஆஸ்டின் டவுனில் அவர் எல்லாரிடமும் கன்னடத்தில் அப்படித்தான் கேட்பார். ஆயுசு பூராவும் கேஸ் சிலிண்டர் போட்டு, சந்திலிருந்து மூன்றாம் மாடிக்குக் குரல் கொடுத்துப் பழகியவர். வெட்டச் சோம்பல்பட்டு அதை அப்படியே போட்டாள்.

பதில்கள் கொட்டின. ஆச்சுப்பா. இன்னும் இல்லப்பா, ஷிஃப்ட் முடியல. மெஸ்ஸில் உப்புமா, வேண்டாம்னு வந்துட்டேன். ஊரை விட்டு வந்து ஹோசூர் ரோடு ஓரத்தில் அறை எடுத்திருக்கும் பிள்ளைகளை அப்படிக் கேட்க ஆளில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அப்பாவுக்குச் சட்டை மாற்றி மாற்றி, அந்த வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாக எடுத்து, நேரம் குறித்து ஏற்றி வைத்துவிடுவாள். போன ஞாயிறு இருமலோடுதான் உட்கார்ந்தார். இருமலையெல்லாம் அவள் வெட்டினாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் வீடியோக்கள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. "எத்தன பேரு பதில் போட்டாங்க?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்பார். இன்றையதுதான் கடைசி.

விடிந்ததும் சஞ்சய் போன் செய்திருந்தார். துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கினார். கேட்கிறவர்களுக்கும் அவர் அப்பா மாதிரிதான், ஒரு லைவ் போட்டால் கும்பிட்டுக்கொள்வார்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் அதுதான் வேலை.

"வேணாம் சார். இன்னைக்கு ஒருநாள் அவரு எங்களுக்கு மட்டும் இருக்கட்டும்."

இன்ஸ்டாகிராமில் இருந்ததை நீக்கிவிட்டாள். அதற்குள் பெட்டியைச் சாய்க்க வேண்டியிருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு கை கொடுத்தாள். பேஸ்புக்கில் இருந்தது சுத்தமாக மறந்துபோனது.

அம்மா வள்ளியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உயிர் போனதிலிருந்து அழவில்லை, வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று ஓஸ்வால்டின் மனைவி யூனிஸ் பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். ஊற்றி வைத்த தம்ளரில் ஆடை படிந்துவிட்டது. சர்க்கரைக்காரி, வெறும் வயிறு தாங்காது. சுனிதா கெஞ்சினாள், அதட்டினாள், காலைப் பிடித்தாள். அம்மாவின் பார்வை பெட்டியை விட்டு நகரவில்லை. சுனிதாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. சாவு ஒருவரோடு நிற்காது போலிருந்தது.

மாலைகள் வந்தன. வந்தவர்கள் கையைப் பிடித்துவிட்டு நாற்காலி தேடினார்கள். பதினோரு மணிக்கு ஓஸ்வால்டின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சிநேகிதனின் வீடியோ வந்தால் தவறக்கூடாதென்று அந்தப் பேஸ்புக் பக்கத்துக்கு மணி வைத்திருந்தார். காது மந்தம் என்பதால் சத்தம் எப்போதும் முழுசாக இருக்கும். என்னவென்று பார்க்கத் தொட்டார்.

"என்னா, ஊட்டா ஆச்சா? பொய் சொல்லாத."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓஸ்வால்டுக்கு எங்கே தொட்டு நிறுத்துவதென்று தெரியவில்லை. முடிந்த வீடியோ தானாகவே மறுபடி தொடங்கியது. ஊட்டா ஆச்சா? சுனிதா பாய்ந்து அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னும் இல்லங்க," என்றாள் வள்ளியம்மா.

சமையலறையிலிருந்து சொல்வதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

யூனிஸ் ஆடை படிந்த காபியை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, பிளாஸ்கைச் சாய்த்து வேறு ஊற்றினாள். நிறுத்தப்போன சுனிதாவின் கட்டைவிரல் அப்படியே நின்றது. திரையில் அப்பா நீலச் சட்டையில் இருந்தார். கீழே பதில்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஆச்சுப்பா. இப்பதான்பா எந்திரிச்சேன்.

போனை அம்மாவின் பக்கத்தில் தரையில் வைத்தாள். அது திரும்பக் கேட்டது. வீடியோவின் கடைசியில் சுனிதா வெட்ட மறந்த ஒரு சின்ன இருமல் இருந்தது. வள்ளியம்மா தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தாள்.