கடந்து முடித்தவர்கள்

காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தவள் ஏழரை வரைக்கும் ‘நடப்போர்’ கட்டத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஆஷிகாவுக்கு முதலில் தூக்கக் கலக்கமோ என்று தோன்றியது. பிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி நன்றாகப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் நாலுவழிச் சாலை. நடுவில் இடுப்பளவுக்குத் தடுப்புச் சுவர். அந்தச் சுவரில், செங்கணாபுரத்துக்குப் பாதை பிரியும் விலக்குக்கு நேராக, ஆறடி அகலத்தில் ஓர் இடைவெளி. மேற்கே ஊர். கிழக்கே பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், ராஜபாளையம் பஸ் நிற்கும் இடம். பால் கறந்து முடித்த இந்த நேரத்தில் ஒரு ஆள்கூட ரோட்டைத் தாண்டவில்லை என்றால், ஒன்று ஊரே காலி செய்துகொண்டு போயிருக்க வேண்டும், இல்லையென்றால் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாள்.

கண்ணில் கோளாறு இருக்க வழியில்லை. எண்ணுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கம். பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் ஜன்னலோரம் தூங்குகிறார்கள் என்று எண்ணுவாள். கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது கொட்டாவி விடுபவர்களை எண்ணி, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறாள். கல்லூரியில் புள்ளியியல் எடுத்ததும் அதனால்தான். படித்து முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்த பிறகு, சாலைகளில் ஆளையும் வண்டியையும் எண்ணிக் கொடுக்கும் மதுரைக் கம்பெனி ஒன்றில் இந்த வேலை கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, கட்டம் போட்ட தாள்கள். ஒருவர் கடந்தால் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேல் குறுக்காக ஐந்தாவது.

மேலாளர் சேதுபதி வேலையை இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்திருந்தார். ரெண்டு நாள் எண்ண வேண்டும். மணிக்கு நாற்பது பேருக்கு மேல் நடந்து கடந்தால் அங்கே வேகத்தடையும் விளக்கும் வைத்து ஆட்கள் நடந்து கடக்க முறையாக ஒரு கடவை போடுவார்கள். குறைந்தால் அந்த இடைவெளியையும் சுவர் வைத்து அடைத்துவிடுவார்கள். “இன்னொண்ணு. அந்தப் பக்கம் காலை வச்சப்புறம்தான் கோடு போடணும். பாதியில நிக்கிறவன், திரும்பிப் போறவன், எதுவும் கணக்குல வராது” என்றார்.

தாள்களோடு இன்னொரு பட்டியலும் கொடுத்திருந்தார். இந்த ஒரு விலக்கில் பதினைந்து வருடத்தில் செத்தவர்கள். பெயர், வயது, என்ன வண்டி. ஆஷிகா அதை ஐந்தைந்து வருடமாகப் பிரித்து ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். இருசக்கர வண்டி: இரண்டு, ஆறு, எட்டு. அது புரிகிறது, வீட்டுக்கு ஒரு பைக் வந்துவிட்டது. நடந்து போனவர்கள்: ஐந்து, ஐந்து, நாலு. சைக்கிள்: ஆறு, மூன்று, பூஜ்யம். படித்தால் சைக்கிள்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் பூஜ்யத்தை அவள் எப்போதுமே லேசில் நம்புவதில்லை. ஒரு எண் எப்படிக் குறைந்தது என்று தெரியாமல் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளால் முடியாது.

அதைவிடக் குடைந்தது கண் முன்னால் நடப்பதுதான். பைக்கில் வந்த அத்தனை பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். ஒருவருடையதில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாகவே நடந்து போன ஒரு பெரியவர்கூட ஹெல்மெட் மாட்டியிருந்தார். போகிற போக்கில் அவளுக்கு ஒரு கும்பிடும் போட்டார். ஆஷிகாவும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விழித்தாள். அப்புறம்தான் அந்த ஆட்டோவைக் கவனித்தாள். ஊருக்குள்ளிருந்து பெண்களை அடைத்துக்கொண்டு வெளியே வருவதும், வடக்கே போய் மறைவதும், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் வந்து அவர்களைப் பால் சொசைட்டி வாசலில் இறக்குவதுமாக இருந்தது. ஆட்டோக் கட்டத்தில் அவள் போட்டிருந்த பதினோரு கோட்டில் ஒன்பது அந்த ஒரே வண்டி. பத்தாவது தடவை வந்தபோது எழுந்து கையைக் காட்டினாள்.

ஓட்டியவர் அய்யூப். நாற்பது வயதிருக்கும். பின்னால் ஆறு பெண்கள், ஆறு பால் கேன்கள்.

“அண்ணே, காலையில இருந்து பத்துத் தடவை சுத்திட்டீங்க. எதிர்த்தாப்பில இருக்கிற சொசைட்டிக்கு எதுக்கு ஆட்டோ?”

அய்யூப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான பாப்பா அந்த ஆபீசரு? நேத்து சாயங்காலம் கோயில் மைக்குல சொன்னாகளே. ரோட்டுல ஆபீசர் உக்காந்து எழுதப் போறாக, ஒரு ஆளும் குறுக்க பாயக்கூடாது, ஹெல்மெட் இல்லாம வண்டி எடுக்கக்கூடாது, ஊரு மானம் போயிரும்னு. அதான் பாலத்தடி வரைக்கும் போயித் திருப்பிட்டு வாரேன்.”

“மத்த நாள்ல?”

பதில் உள்ளேயிருந்து வந்தது. மடியில் கேனை வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒடுங்கியிருந்த ஏசம்மாள் தலையை வெளியே நீட்டினாள். “மத்த நாள்ல பறக்கத்தான் செய்யுதோம். செத்த நேரம் நிப்போம், லாரி வரலைன்னா ஒரே ஓட்டம். பாதிப் பாலு சொசைட்டிக்கு, பாதிப் பாலு சேலைக்கு. ஏலே அய்யூப்பு, வண்டிய எடு, பாலு திரிஞ்சிரப் போவுது.”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் அக்கா. இங்க சைக்கிள்ல யாருமே போறதில்லையா?”

அய்யூப் சிரித்தார். “சைக்கிளே இல்லாத ஊருல சைக்கிள்காரன் எங்கிட்டுச் சாக? பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிளு எங்க வீட்டுலயும் இருக்கு. கோழி ஏறி உக்காந்திருக்கு. எம்மக அல்ஃபியாவ இந்த ரோட்டுல சைக்கிள்ல விட எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

ஆட்டோ போன பிறகு ஆஷிகா பட்டியலில் இருந்த அந்தப் பூஜ்யத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை நல்லதாகிவிடவில்லை. ஆட்கள்தான் ஒதுங்கிக்கொண்டார்கள். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்ட குறுகுறுப்பு முதலில் வந்தது. அடுத்த நிமிடமே ‘நடப்போர்’ கட்டத்தைப் பார்த்தாள். அதே மாதிரி இன்னொரு பூஜ்யத்தை அவள் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தாள். இந்தத் தாள் மதுரைக்குப் போனால் செங்கணாபுரத்தில் நடப்பவர்களே இல்லை என்றாகிவிடும். இடைவெளியை அடைப்பார்கள். அய்யூப் ஒரு நாளைக்குச் சுத்துவார், ரெண்டு நாளைக்குச் சுத்துவார். அதன்பிறகு ஏசம்மாள் பால் கேனோடு சுவர் ஏறிக் குதிப்பாள்.

சேதுபதிக்கு போன் போட்டாள். “நாம பார்த்ததைத்தாம்மா எழுத முடியும். மைக்ல என்ன சொன்னாங்கன்னு எழுத அதுல கட்டம் இல்லையே” என்றார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டவர் போல, “நாளைக்கு ஒரு நாள் இருக்கில்ல, பாரு” என்று வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஊருக்குள் நடந்தாள். சிலுவை வைத்த கோயிலின் வளவில், மைக் செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதிக்கொண்டிருந்தவர்தான் தேவஇரக்கம். கோயிலைக் கூட்டுவது, மணி அடிப்பது, மைக்கில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. குடிதண்ணீர் வருகிறது என்பதிலிருந்து கன்றுக்குட்டி காணவில்லை என்பது வரைக்கும் அவர் குரலில்தான் ஊர் கேட்கும். ஆஷிகா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். தான் ஆபீசர் இல்லை, தப்புக் கண்டுபிடிக்க வரவில்லை, எண்ண மட்டும்தான் வந்திருக்கிறேன், ஆட்கள் வழக்கம்போல் நடந்தால்தான் இங்கே கடவை வரும், நாளைக்கு மைக்கில் அப்படிச் சொல்ல முடியுமா?

அவர் ஊதுவதை நிறுத்தினார். “கையில வச்சிருக்கீங்களே, அது என்ன தாளு?” என்று கேட்டார். யோசிக்காமல் பட்டியலை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே இறங்கினார். விரல் ஓரிடத்தில் நின்றது. தே. ரிச்சர்ட், வயது பத்தொன்பது, இருசக்கர வாகனம். ஆஷிகா அந்தப் பெயரைக் காலையிலிருந்து நாலைந்து தடவை படித்திருந்தாள். முன்னாலிருந்த ‘தே’ தேவஇரக்கமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எனக்குத் தெரியாது.”

“இதத் தப்பா எழுதியிருக்காக” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “வண்டி கெட்டுப்போயி உருட்டிக்கிட்டுத்தான் வந்தான். நடந்துதாம்மா வந்தான். அந்த இடைவெளியில நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் எறங்கியிருக்கான். இப்பிடி எழுதிப் போட்டதால, பய வேகமாப் போயிச் செத்தான்னு ஊரெல்லாம் பேசுது. அவன் அம்மா நாலு வருசமா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா.”

ஆஷிகாவிடம் பென்சில் இருந்தது. இருசக்கர வண்டியில் எட்டை ஏழாக்கி, நடந்து போனவர்களில் நாலை ஐந்தாக்கினாள். அது அவள் ஓரத்தில் கிறுக்கிய கணக்குதான், யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் அவர் அதைக் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். மைக் செட்டின் மூடியைப் பொருத்தித் திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். நாலாவதை முறுக்கும்போது கேட்டார்.

“நான் மைக்குல குறுக்க போங்கன்னு சொல்லி, நாளைக்கு ஒரு ஆளு போயிட்டா, அது எந்தக் கட்டத்துலம்மா வரும்?”

“தெரியல அண்ணாச்சி” என்றாள்.  கேட்டிருக்கவே கூடாதோ என்று இருந்தது. எண்ணுவது யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத வேலை என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தாள். வெயிலில் திரும்பி நடக்கும்போது, பதினைந்து வருடப் பட்டியலில் நடந்தவர்கள் கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தாள். ரிச்சர்டோடு பதினைந்து பேர். பதினைந்து பேரும் இதே இடத்தில் ரோட்டைக் கடக்கப் புறப்பட்டவர்கள்தான். எதிர்ப்பக்கம் கால் வைக்காதவர்கள். சேதுபதி சொன்ன விதிப்படி அவர்களில் ஒருவருக்குக்கூடக் கோடு கிடையாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் நாற்காலியை விரித்தபோது மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் ஒரு கரகரப்பு, ஒரு செருமல். “ஊர் சனங்களுக்கு ஒரு சொல்லு. முந்தாநாள் நான் சொன்னது தப்பு. அந்தப் பிள்ளை நம்மள எண்ணத்தான் வந்திருக்கு. எண்ணிக்கை வந்தாத்தான் நமக்குப் பாதை வருமாம். எப்பவும் போல வாங்க. ஆனா ஓடாதீங்க. முதல்ல நான் போறேன். நான் போய்ச் சேந்த பொறவு நீங்க வாங்க.”

பத்து நிமிடத்தில் விலக்கில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். பால் கேன்கள், பள்ளிக்கூடப் பைகள், தூக்குவாளிகள். அய்யூப் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, விளக்குகளை விட்டு விட்டு எரியவிட்டு, கையில் சிவப்புத் துண்டோடு நின்றார். அல்ஃபியா அவர் பக்கத்தில் நின்றாள். ஏசம்மாள் ஆஷிகாவின் நாற்காலி அருகே வந்து மெதுவாகச் சொன்னாள். “மைக்குல பேசுனாகளே, மகன் போனதுல இருந்து அவிய இந்த ரோட்டத் தாண்டுனதே இல்ல யம்மா. மருந்து மாத்திரைக்குக்கூட ஆளத்தான் அனுப்புவாக.”

தேவஇரக்கம் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஹெல்மெட் இல்லை. யாரையும் பார்க்கவில்லை. ஏசம்மாளிடம் போய், “கேனக் குடு” என்று வாங்கிக்கொண்டார். ரோட்டோரத்தில் நின்றார். ஒரு லாரி, ரெண்டு கார், ஒரு மினி பஸ். அவை போனதும் இறங்கி நடந்தார். ஓடவில்லை. பால் தளும்பாத அளவுக்கு நிதானமாக நடந்து, இடைவெளிக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நின்றார்.

அங்கே நின்றவர் நின்றபடியே இருந்தார். கிழக்குப் பக்கம் வண்டிகள் விடாமல் வந்தன. ஒன்று போனால் அதன் முதுகிலேயே இன்னொன்று. காற்றில் அவர் வேட்டி படபடத்தது. ஒரு தடவை காலை எடுத்து வைத்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.  திரும்பி வந்துவிடுங்கள் அண்ணாச்சி என்று கத்த வேண்டும் போல இருந்தது ஆஷிகாவுக்கு. போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்றும் இருந்தது. எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

வண்டிகளுக்கு நடுவே சின்னதாக ஓர் இடம் விழுந்தது. தூரத்தில் ராஜபாளையம் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர் கேனை மற்றக் கைக்கு மாற்றினார். ரெண்டு பக்கமும் பார்த்தார். ரோட்டில் இறங்கினார்.

ஆஷிகா பேனாவை ‘நடப்போர்’ கட்டத்தில் வைத்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் கால் வைக்கும் வரைக்கும் இழுக்கக் கூடாது. பேனா நின்ற இடத்தில் மை கசிந்து, ஒரு புள்ளி தாளில் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.