ஒன்ஸ் மோர்

எங்கள் பூண்டிப் பக்கம் சினிமா எடுக்க வருவார்கள். எடுத்த படத்தைப் பார்க்க நாங்கள்தான் மலையிறங்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்தவர்கள், ஒரு பாட்டில் கதாநாயகிக்குப் பின்னால் ஓட ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். என் அக்கா பாப்பம்மாளின் மகள் சுகன்யாவும் ஓடினாள். படம் வெளிவரும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. போனில் அந்தப் பாட்டைப் போட்டால், முகம் இருக்கும் இடத்தில் ஒரு மங்கல்தான்.

நடிகரின் பிறந்தநாளுக்கு அந்தப் படத்தைப் புதுசாகத் துலக்கி, வத்தலக்குண்டில் ஒரே ஒரு காட்சி போடுகிறார்கள் என்றதும் பாப்பம்மாள் அக்கா களைவெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “மொகம் தெளிவாத் தெரியுமாம்டா வேலப்பா. வெரசா ஜீப்ப எடு.”

தியேட்டரில் அந்தப் பாட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், பையன்கள் மொத்தமும் திரைக்கு முன்னால் ஓடி ஆட ஆரம்பித்தார்கள். தலைகளும் துண்டுகளும்தான் தெரிந்தன. “ஏலே, உக்காருங்கலே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது? படம் பார்க்க வந்த கூட்டமா அது!

பாட்டு முடிந்ததும் “ஒன்ஸ் மோர்” என்று கூச்சல். ஆபரேட்டரும் மறுபடி போட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. நான் எழுவதற்குள் அக்கா கூட்டத்தில் புகுந்து திரைக்குக் கிட்டே போய்விட்டாள்.

ஆட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். “அம்மாவுக்கு வழி விடுங்கடா!” என்று ஒருவன் அவள் கைகளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினான். கெட்ட பையன் இல்லை, சந்தோஷத்தில் செய்தான். அக்கா விடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கும் விசில் அடித்தார்கள், போனில் படம் பிடித்தார்கள். அவள் திரும்பியபோது பாட்டு முடிந்திருந்தது.

மறுநாள் ஜீப் ஸ்டாண்டில், என்னைப்போல ஜீப் ஓட்டுகிற டிக்சன் போனை நீட்டினான். “அண்ணே, ஒங்க அக்கா வைரல்!”

அந்த வீடியோவை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். காட்டியிருக்கவே கூடாது. கும்பிட்டபடி நிற்கிறாள் அக்கா. பின்னால் திரையில் பச்சைப் பாவாடை, ஓடுகிற கால், வீசிய கை, எல்லாம் அவ்வளவு தெளிவு. முகம் வரவேண்டிய இடத்தை அக்காவின் தலை மறைத்திருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு, “நகருடி, கொஞ்சம் நகரேண்டி” என்று தன்னையே வைதுகொண்டு, போனில் தெரிந்த தன் தலையை விரலால் மேலே தள்ளினாள்.

அந்த வீடியோ போய், யாரோ பரோட்டா வீசுகிற வீடியோ வந்தது.