இரண்டாவது மின்னலுக்கு முன்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. என் அண்ணன் யதுசனுடையது. மாலை வகுப்பில், ‘தெரிந்த ஒருவர் தயங்கும் கணத்தை எழுதுங்கள்’ என்றார்கள். வீட்டுக்கு வந்தால், அண்ணன் சமையலறையில் நின்று ஒரு செய்தியைக் காட்டுகிறான். மாநாடு ஒன்றுக்காக லண்டன் வந்திருக்கும் சுவர்ணா அனுப்பியது: “நாளைக்கு பினாங்குக்குக் கிளம்புறேன், யது. ஏதாவது சொல்லணுமா?”

அவன் இன்னும் பதில் அனுப்பவில்லை.

2.

முதல் தொடக்கம்: ‘லண்டனில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு —’

(வேண்டாம். லண்டன் கதை எல்லாம் மழையில்தான் தொடங்குகிறது.)

இன்னொன்று: ஆறு ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழக நிலவறை. வெற்றிடக் கூண்டுக்குள் ஓர் உலோகத் துளி மிதக்கிறது. பாத்திரத்தில் வைத்தால் அதன் சுவரைப் பற்றிக்கொண்டு சீக்கிரமே உறைந்துவிடும். அதனால் மின்புலத்தில் மிதக்கவிடுவார்கள். லேசரால் உருக்கி, லேசரை அணைத்துவிட்டு, யதுசனும் மலேசியாவிலிருந்து படிக்க வந்த சுவர்ணாவும் இமைக்காமல் பார்த்திருப்பார்கள்.

துளி குளிர்ந்து மங்கும். திடீரென்று பளிச்சிடும். அது குவாசிப்படிகம் பிறக்கும் மின்னல். குவாசிப்படிகத்தில் ஒழுங்கு உண்டு. ஆனால் தரை ஓடு பதித்ததுபோல ஒரே கோலம் திரும்பத் திரும்ப வராது. சில நொடிகளில் இரண்டாவது மின்னல். இது சாதாரணப் படிகம், நிலைத்து நிற்பது.

“நான்தான் முதல்ல பார்த்தேன் லா! ரோல்ஸ் நீதான் வாங்கணும்.”

“பொய். நீ ஒவ்வொரு முறையும் மின்ன முன்னமே கத்துறாய்.”

ஆனாலும் அந்தப் பொரித்த ரோல்ஸை அவன்தான் கடையில் வாங்குவான்.

(இந்தப் பகுதி நீள்கிறது. வெட்ட மனமில்லை. அப்போது நான் பள்ளிச் சிறுமி. மிஞ்சிய ரோல்ஸ் எனக்கு வரும். இருவரும் வாசலில் நின்றபடியே சண்டையைத் தொடர்வார்கள்.)

3.

நிலைக்காத ஒன்று ஏன் முந்திக்கொண்டு வருகிறது? அண்ணன் சொன்ன விளக்கம்: திரவத்தில் அணுக்கள் வெறுமனே கலைந்து கிடப்பதில்லை. ஒன்றைச் சுற்றிப் பன்னிரண்டு கூடும். அந்த வடிவின் ஒவ்வொரு மூலையிலும் ஐந்து முகங்கள் சந்திக்கும். குவாசிப்படிகத்துக்குள்ளும் ஏறக்குறைய அதே கூட்டம்தான். ஆகவே அதுவாக மாறத் திரவத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

படிப்பு முடிந்தபோது சுவர்ணா கேட்டாள்: “நான் இங்கேயே இருக்கட்டுமா?”

“நிரந்தர வேலை ஒண்டு கிடைக்கட்டும். எல்லாம் ஒரு வடிவத்துக்கு வரட்டும். பிறகு பாப்பம்,” என்றான் யதுசன். அவள் பினாங்குக்குத் திரும்பிவிட்டாள்.

இதன் கீழே நான் எழுதியது: ‘உருகிய நிலையிலேயே வடிவம் இருப்பதை அளந்தவன், தன் —’

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டான்.

“வெட்டு அதை. அணுவுக்கு வீட்டு மோர்கேஜ் கடன் இல்லை, கஜா. அம்மாவும் இல்லை.”

“அம்மாவுக்கு சுவர்ணா அக்காவைப் பிடிக்கும், அண்ணா.”

“நீ கேட்டனியோ?”

“ஓம். அக்கா லண்டன் வந்திட்டா எண்டதும் நேற்றே கேட்டனான்.”

அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

4.

முடிவு ஒன்று: அவன் விமான நிலையத்துக்கு ஓடுகிறான். (படத்தில்தான் நடக்கும்.)

முடிவு இரண்டு: அவள் போய்விடுகிறாள்; ஆண்டுதோறும் பிறந்தநாள் வாழ்த்து மட்டும். (எழுதும்போது அழுதேன். அதனாலேயே இதை நம்பவில்லை.)

“மூண்டாவது?” என்றான்.

“எனக்குத் தெரியேல்லை.”

அவன் அழைத்தான். அவள் உடனே எடுத்துவிட்டாள்; அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“சொல்லு, யது.”

“எனக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கேல்லை.”

“தெரியும். அதைச் சொல்லவா கூப்பிட்ட?”

“இல்லை.”

பிறகு என்னைப் பார்த்தான். “கஜா, எழும்பி வெளியில போ.”

வந்துவிட்டேன். கதவையும் சாத்திவிட்டேன். அவன் பேசத் தொடங்குகிறான். நான் மாடிக்குப் போகிறேன்; நீங்கள் வேண்டுமானால் நின்று கேளுங்கள்.