அஜக்ஸ் வரை நீண்ட வரிசை

மடு மாதா சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இலண்டனில் இருக்கும் என் தங்கை மக்டலீன் ஒருநாள் போன் எடுத்து அழுதாள்.

"அண்ணை, உவன் என்ரை பெடியன் அன்ட்ரூ, வந்த சனத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லுற கட்சியிலை சேந்திட்டான். நானும் தகப்பனும் அகதியா வந்த ஆக்கள். வீட்டிலை இப்ப ஆளோடை ஆள் கதைக்கிறேல்லை. கனடாவுக்கு உங்களிட்டை அனுப்பிவிடுறன், நீங்கள்தான் மாத்தித் தரவேணும்."

இருபத்துமூன்று வயது மருமகன் வந்திறங்கினான். எங்கள் பக்கத்து அஜின்கோர்ட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்குக் கூட்டிப்போய், ஏனடா என்று கேட்டேன்.

"மாமா, நான் வேலை செய்யிறன். ஆனா தனி வீடு எடுக்கச் சம்பளம் காணாது, சின்னனிலை படுத்த அதே ரூமிலைதான் இன்னும் படுக்கிறன். ஒனெஸ்ற்லி, எங்கடை கஷ்டத்தை ஆர் கேட்டது? அந்தக் கட்சிக்காரர்தான் கேட்டவை. முதல் வந்தவை இருக்கட்டும், இனிப் போதும்."

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேசை வின்சன்ற் அண்ணை குறுக்கிட்டார். "தம்பி சொல்லுறது சரிதானே! நான் எழுபத்திரண்டிலை வந்தனான். எண்பத்தாறிலை வந்தவைதான் எல்லாத்தையும் பழுதாக்கினது."

எங்கள் சனம் சந்தித்தால் முதலில் கேட்பது எந்த வருஷம் வந்தது என்றுதான். கடையிலிருந்தவர்கள் வந்த வருஷப்படி எழும்பி நின்றார்கள். ஒவ்வொருவரும் திரும்பி, பின்னால் நின்றவரிடம் "நீ போ" என்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி, நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறி, பின்னேரத்துக்குள் இருபத்தைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கிற அஜக்ஸ் நகரைத் தொட்டது. பொலிஸ் வந்தது. அதிலும் ஒரு தமிழ்ப் பெடியன். "அங்கிள், நான் இங்கை பிறந்தனான், எங்கை நிக்கிறது?" என்றான்.

முன்னுக்கு நின்ற வின்சன்ற் அண்ணையோடு கதைக்க ஆளில்லை. கடைசியில் நின்றது அன்ட்ரூ. அவனுக்குப் பின்னால் அஜக்ஸ் ரயில் நிலையமும் பனியும்தான். "நீ போ" என்று சொல்ல ஒருவரும் அகப்படாமல், அங்கிருந்து போனில் தேம்பினான்.

"மாமா, கட்சியை விட்டிட்டன். அம்மாட்டைச் சொல்லுங்கோ."

சொன்னேன். மக்டலீன் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அந்த ரூமைப் பற்றி அவனிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வரிசையில் எனக்கு முன்னுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் கேட்கவில்லை.

இலண்டன் திரும்பி மீண்டும் அதே ரூமில் படுத்த அன்ட்ரூ, மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் அந்தக் கட்சியின் வேட்பாளராக நின்று வென்றான்.