வாணலிக்கும் சிலிண்டருக்கும் நடுவில்

1

இந்தக் கதையை என் கணவன் ராதிம் போட்ட பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளர்கள் பேட்டி கொடுக்கும்போது உள்ளுணர்வு, தரிசனம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் வாய்க்கவில்லை. பின் அடித்த ஐந்து தாள் வாய்த்தது. முன்பக்கத்தில் 'ஸ்லீனிலிருந்து பாக் தீவு, இரண்டு வாரம்' என்று தலைப்பு (எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டி அட்ரியாட்டிக் கடல் தீவுக்கு, ஒவ்வொரு கோடையும்), அதற்குக் கீழே அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. கோட்டுக்குக் கீழே, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் எங்கள் கேரவனில் ஏற்ற வேண்டிய சாமான்கள். சமையல் என்ற பிரிவில் ஆறாவது வரி இது:

வாணலி, லிபுஷே, கேஸ் சிலிண்டர்.

லிபுஷே நான்தான்.

2

தொடக்கத்துக்குப் பலமுறை முயன்று பார்த்தேன்.

'அட்ரியாட்டிக் கடல் அன்று நீலமாக' (வேறு எப்படி இருக்கும்? அடித்துவிட்டேன்.)

'பதினெட்டுக் கோடைகளாக அவள் கடலுக்குப் போய்வந்தாள். ஆனால்' (இந்த 'ஆனால்' விழுந்ததும் நீங்கள் விவாகரத்தை எதிர்பார்ப்பீர்கள். அவ்வளவுக்கு என்னிடம் தாள் இல்லை.)

'ராதிம் கேரவனின் டயரை உதைத்துப் பார்த்தான்.' இது பரவாயில்லை. பொய்யும் இல்லை. ஏப்ரல் மாதத்திலிருந்தே அந்த டயர் உதை வாங்கிக்கொண்டிருக்கிறது.

3

கதாநாயகன் விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கல். முதல் வரைவில் ராதிமைக் கொடுங்கோலனாக எழுதியிருந்தேன், மீசையெல்லாம் வைத்து. படித்துப் பார்த்தால் யாரோ பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருந்தது. அவன் என்னிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. எல்லையில் மூன்று மணிநேரம் வெயிலில் வண்டிகள் நிற்கும்போது தன் தொப்பியை எனக்குத் தந்துவிட்டு மண்டை சிவக்க உட்கார்ந்திருப்பான். வில்லனாக இருந்திருந்தால் இரண்டு பத்தியில் வேலை முடிந்திருக்கும்.

அவன் செய்யும் ஒரே தப்பு, எனக்கு இறைச்சி பொரிப்பது பிடிக்கும் என்று நம்புவது. அப்படி நம்ப வைத்ததும் நான்தான். முதல் வருடம், "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தேன். அந்த ஒரு சிரிப்பைப் பதினெட்டு வருடமாக அவன் பயன்படுத்திக்கொண்டிருக்கிறான்.*

* தீவில் எனக்குக் கடல் தெரியும் இடம் கேரவன் ஜன்னல், நேரம் வெங்காயம் நறுக்கும் நேரம். கண்ணில் நீரோடு கடலைப் பார்ப்பவள் என்று கவித்துவமாக எழுதலாம்தான். வெங்காயத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

4

இந்தத் திங்கட்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கற்பனை தேவைப்படவில்லை.

"லிபா, எல்லையில இந்த வருஷம் பச்சை இறைச்சியப் பிடுங்கிக்கிறாங்களாம். ஆபீஸ்ல ஒரே பேச்சு," என்றான் ராதிம். லிபா என்று கூப்பிடுவதும் என்னைத்தான்.

"நல்லதாப் போச்சு. அங்க கடையில உக்காந்து மீன் சாப்பிடலாம்."

"நம்ம ஊர்ப் பன்னிக்கு என்ன குறைச்சல்?" நிஜமாகவே புண்பட்டுப்போனான். "பச்சையாத்தான கூடாது? பொரிச்சுட்டா அது இறைச்சியே இல்ல, மதியச் சாப்பாடு. எவன் கேப்பான்? ரொட்டித்தூள்ல புரட்டின ஷ்னிட்சல் அறுபது துண்டு. வியாழக்கிழமை பொரிச்சா வெள்ளிக்கிழமை காலையில கிளம்பிரலாம்."

"யார் பொரிக்கிறது?"

"பட்டியல்ல இருக்கே."

எங்கள் மகள் வில்மாவுக்குப் பதினேழு வயது. மொபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, அங்க நமக்கு என்ன பேரு தெரியுமா? ஈரல்டின்காரங்க. வீட்டுலேருந்து கொண்டுபோற ஈரல் டின்ன நீ திறந்ததும் பக்கத்துல இருக்கறவங்க துண்ட எடுத்துக்கிட்டு நகர்ந்துடறாங்க."

"நகரட்டும். கால் நீட்ட இடம் கிடைக்கும்ல."

நான் பட்டியலை எடுத்து அந்த ஆறாவது வரியைக் காட்டினேன். "ராதிம், என்னை எதுக்கு வாணலிக்கும் சிலிண்டருக்கும் நடுவுல போட்டிருக்க?"

"அடடா! வாணலி உன் பொறுப்புன்னு அர்த்தம். அது காற்புள்ளி இல்ல லிபா, முக்காற்புள்ளி. பேனா சரியா எழுதல."

"சிலிண்டருக்கு முன்னால இருக்கறது?"

"அது காற்புள்ளிதான்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே."

"படிக்கிறவங்களுக்குப் புரியும்."

(புரிகிறதா? நீங்கள்தான் படிக்கிறவர்கள்.)

அவன் கொட்டகைக்குப் போனதும் மற்ற தாள்களைப் புரட்டினேன். மூன்றாவது தாளில் 'பயணிகள்' என்று ஒரு பிரிவு. எல்லையில் காட்ட வேண்டிய பாஸ்போர்ட் எண்களோடு ராதிம் இருந்தான், வில்மா இருந்தாள். தடுப்பூசிச் சீட்டோடு நாய் இருந்தது. நான் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. அந்த இடத்தைக் கிண்டலாக எழுதிவிடலாம் என்று நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் வாக்கியம் பாதியில்

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் அந்த வாணலி வந்தால் நான் வரமாட்டேன். வண்டியில் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம். இதை ராதிமிடம் சொல்ல இரண்டு நாளாக வாயைத் திறக்கிறேன், "காபி போடட்டுமா?" என்றுதான் வருகிறது. அதனால்தான் இந்தக் கதை.

5

முடிவுகள்.

அ. லிபுஷே வாயைத் திறக்காமல் அறுபது துண்டையும் பொரித்துத் தள்ளுகிறாள். இதற்கு யதார்த்தவாதம் என்று பெயர். பரிசெல்லாம் இதற்குத்தான் கொடுப்பார்கள்.

ஆ. எல்லையில் ஓர் அதிகாரி கேரவனைத் திறந்து, முகர்ந்து பார்த்து, வாணலியோடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் நான் சொல்ல வேண்டியதைச் சீருடை போட்ட யாரோ ஒருவர் வந்து எனக்காகச் சொல்வது கோழைத்தனம்.

இ. தீவில் ராதிம் சமைக்கிறான். லிபுஷே கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

6

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. இன்று புதன்கிழமை. மதியம் சாமான்களைச் சரிபார்க்கப் பட்டியலைத் தேடியிருக்கிறான் ராதிம். சமையலறை மேசையில் கிடைத்திருக்கிறது, பின்பக்கம் மேலே இருந்தபடி. நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது தாள்கள் அதே இடத்தில்தான் இருந்தன. ஓரத்தில் பென்சில் எழுத்து.

'அ'வுக்குப் பக்கத்தில்: "அறுபது இல்ல, அறுபத்திநாலு. நாய மறந்துட்ட."

'ஆ'வுக்குப் பக்கத்தில்: "நாம அந்த வழியாப் போகல. கூட்டம் கம்மியான வழி பார்த்து வச்சிருக்கேன்."

'இ'யில் 'ராதிம் சமைக்கிறான்' என்பதற்கு அடியில் ஒரு கோடு. பக்கத்தில் ஏதோ எழுதி ரப்பரால் அழித்திருக்கிறான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை.

தாளின் அடியில், அளவுகோல் இல்லாமல் கோணலாக ஒரே ஒரு வரி:

"நீ வரலன்னா நாங்க அங்க போய் என்ன பண்றது"

இதைப் பதினைந்து முறை படித்துவிட்டேன். ஒரு சமயம், பதினெட்டு வருடத்தில் அவன் எனக்கு எழுதிய ஒரே காதல் கடிதமாகத் தெரிகிறது. இன்னொரு சமயம், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பதாகத் தெரிகிறது. தொனியைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு புள்ளிகூட வைக்கவில்லை மனிதன். உங்களுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே இந்தக் கதையை முடித்துக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

கழுவுதொட்டியில் உறைந்த இறைச்சி இளகிக்கொண்டிருக்கிறது. வெளியே ராதிம் கேரவனைக் காரில் மாட்டிப் பார்க்கிறான். வில்மா பின்னால் நின்று, "லைட் எரியுது, இப்ப எரியல" என்று கத்துகிறாள். தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. இருக்கட்டும். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று இனி எழுதிப் பார்க்கப்போவதில்லை. எழுந்து வெளியே போய் அவனையே கேட்கப்போகிறேன்.