பட்டியலில் முதல் பெயர்

சாயங்காலம் ஐந்து மணிக்குள் லீக் ஆபீசில் இருபது பெயர் கொடுக்க வேண்டும். பத்தொன்பது எழுதிவிட்டேன். முதல் வரி மட்டும் காலி. அது கோல்கீப்பருக்கான வரி. உச்சி வெயிலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பசுமலையிலிருந்து தெற்குவாசலுக்கு, எங்கள் கீப்பர் ஜஸீலா வீட்டுக்குக் கிளம்பியது அதற்காகத்தான்.

எங்கள் பெண்கள் கால்பந்து அணியில் ஒரு வழக்கம் உண்டு. யார் பெயரையும் கோச் நீக்கக் கூடாது. அவளே வாயால் 'வரல' என்று சொல்ல வேண்டும். நான் கோச் ஆன புதிதில் பெரிய இவளாட்டம் நானே ஆரம்பித்துவைத்தது. இப்போது என் கழுத்தையே பிடிக்கிறது. ஜஸீலாவுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து ஐந்து மாதமாகிறது. போன வருஷம் முழுக்க அவள் பெயர் பட்டியலில் இருந்தது, அவள் இல்லை. நாங்கள் வாங்கிய கோல்களைச் சொன்னால் மானம் போய்விடும். இந்த வருஷம் உசிலம்பட்டியிலிருந்து தங்கப்பொண்ணு வந்திருக்கிறாள். நல்ல உயரம். பந்து வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். ஆனாலும் ஜஸீலா 'வரல' என்றால்தான் முதல் வரியில் இவள் பெயரை எழுத முடியும்.

கதவைத் திறந்தது ஜஸீலாவின் மாமியார் மைதீன் பீவி. பேரன் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "வாங்க டீச்சர். இந்த வெயில்லயா வருவீங்க?" என்று நன்னாரி சர்பத் கொடுத்தார். "மாடியில துணி எடுக்குறா, போங்க."

மாடியேறி நான் மூச்சு வாங்குவதற்குள் ஜஸீலா ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, குரூப்ல போட்ட வீடியோ பாத்தேன். பாண்டிமீனா லெஃப்ட்ல நல்லாத்தான் ஓடுறா, திரும்பி வர மாட்டேங்குறா. ஹுமாவ நடுவுல போடுங்க. பேக்ல நிக்கிற ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. கீப்பர் கத்தணும்க்கா, அப்பத்தான் நிப்பாளுக."

"கத்துறதுக்கு யாருடி இருக்கா?" கோபமாகத்தான் கேட்டேன்.

கொடியிலிருந்து நழுவிய கிளிப் ஒன்றை, தரையைத் தொடும் முன், பார்க்காமலே இடது கையால் பிடித்தாள். பாவி மகள்! கோல்போஸ்டுக்கு நடுவில் இருக்க வேண்டிய கை அது.

"அந்தப் புதுப் பொண்ணு எப்படிக்கா?"

"ஒசரம் இருக்கு. பயமும் அம்புட்டு இருக்கு."

"பயம் போயிரும். நானும் மொதல்ல கண்ண மூடுனவதான்." பிள்ளையின் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அவுக வேணாம்னு சொல்லலக்கா. மாமியும் சொல்லல. இவன்தான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாலுக்கு அழுறான். எனக்கே தெரியுது."

எல்லாம் சொன்னாள். 'வரல' என்ற அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. வாய்விட்டுக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. கிளப்பில் உருப்படியான க்ளவுஸ் ஒரே ஒரு ஜோடிதான். அது அவளிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டாலே சொன்ன மாதிரிதான்.

"சரி, க்ளவுஸையாவது குடு. தங்கப்பொண்ணுக்கு வேணும்."

அவள் கை நின்றுவிட்டது. கொடியின் கடைசியில், பிள்ளைத் துணிகளுக்கு அப்பால், அது தொங்கிக்கொண்டிருந்தது. வாரா வாரம் துவைத்துப் போடுகிறாளாம். போய்த் தொட்டேன். அப்பளமாகக் காய்ந்து, விரலைச் சுட்டது.

"இன்னும் ஈரமா இருக்குக்கா," என்றாள் ஜஸீலா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "காஞ்சதும் நானே கொண்டாந்து தாரேன்."

கீழே பிள்ளை அழுதது. துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஆமாடி, ஈரமாத்தான் இருக்கு," என்றேன், படிக்கட்டைப் பார்த்து. க்ளவுஸ் காற்றில் விழுந்துவிடாமலிருக்க, அதன் இரண்டு கிளிப்புகளையும் இன்னொரு தடவை அழுத்திவிட்டேன்.